தள்ளிக்கொண்டு போன ஒலிபெருக்கி

ராத்தாவுக்கு, என் மூத்த சகோதரிக்கு, பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததை ஏற்றி முடித்துவிட்டார்கள். என்னுடையதைச் சோதித்தார்கள், பொருந்தவில்லை. ராத்தாவின் கணவர், மச்சானுடையதும் பொருந்தவில்லை. வேண்டியது ஓ நெகட்டிவ்.

"ஊருக்குள்ள போய் ஆக்களைக் கூட்டி வாங்க. சுணங்க வேணாம்" என்றார் டொக்டர்.

உம்மா வாங்குப் பலகையில் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். நானும் மச்சானும் வெளியே ஓடினோம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. தெரிந்தவர் எவர் வீட்டிலும் தொலைபேசி இல்லை. அன்று காலையிலிருந்து எங்கள் ஊர் கல்முனையில் கரண்டும் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையாகக் கிடந்தது. மிஞ்சியது வாப்பாவின் தம்பி, சாச்சாவின் கார்தான். பழைய இங்கிலாந்துக் கார். கூரையில் ஹோன் ஸ்பீக்கர், உள்ளே கசெட்டும் மைக்கும் சேர்ந்த ஒரு ஜப்பான் செட். கல்யாணம் என்றால் அது பாட்டுப் போடும். யாராவது மௌத்தானால், இறந்துபோனால், தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போவதும் அதுதான்.

சாச்சா முற்றத்தில் நின்றார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கைவைத்தார். "செட் வேல செய்யல்ல மகள். பியூஸ் போடப் போட எரியுது. இன்னும் ஒண்டுதான் கிடக்கு."

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வானொலி திருத்தும் பயிற்சியை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன். பழுதைத் தேடும்போது ஒழுங்கு மாறக்கூடாது என்று பழகியிருந்தேன். முதலில் பற்றரி, பிறகு வயர்கள், பிறகு ஸ்பீக்கர், கடைசியில்தான் செட். அந்த ஒழுங்கை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் ராத்தாவின் வெளுத்த உதடுகள் கண்முன் வந்தன.

காரின் முன்விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பிரகாசமாக எரிந்தது, பற்றரியில் குறையில்லை.

"அந்தப் பியூஸப் போட்டுத்தான் பாரன் புள்ள" என்றார் சாச்சா.

"வேணாம். இதுவும் எரிஞ்சா ஒண்டும் இல்ல."

"அப்ப சிகரட் பெட்டி வெள்ளித்தாளச் சுத்திப் போடுவம்."

"செட்டே எரிஞ்சிரும் சாச்சா."

மச்சான் காரின் கூரையில் ஓங்கி அடித்தார். "அவ அங்க சாகக் கிடக்கா. இஞ்ச நீ படிச்ச பாடத்தக் காட்டுறாய்!"

பின்விளக்குப் பல்பைக் கழற்றி, இரண்டு துண்டு வயர் சுற்றி, பியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் கொடுத்தேன். கோளாறு இருந்தால் பியூஸ் கருகுவதற்குப் பதிலாகப் பல்பு வெளிச்சம் தரும், எதுவும் வீணாகாது. பல்பு முழுவதாக எரிந்தது. ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றினேன். அப்போதும் எரிந்தது. செட்டைப் பிடித்திருந்த இரும்புச் சட்டத்தின் ஆணிகளைக் கழற்றிச் செட்டைக் கையில் தூக்கினேன். பல்பு அணைந்தது.

அப்போதுதான் பற்றரியைத் திரும்பப் பார்த்தேன். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார் பலவற்றில் பற்றரியின் பொசிட்டிவ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். ஜப்பான் செட்டின் தகரப் பெட்டியோ நெகட்டிவ் முனையோடு சேர்ந்தது. இரண்டும் தொட்டால் பியூஸ் போகாமல் என்ன செய்யும்?

"சாச்சா, இந்தச் சட்டத்த ஆரு பூட்டின?"

"நான்தான், போன கிழம. முதல்ல பூட்டினவனுகள் பெட்டிக்குக் கீழ பழைய றப்பர் செருப்ப வெட்டி வெச்சிரிந்தானுகள். குர்ஆன் கசெட் போடுற பெட்டிக்குக் கீழ செருப்பா எண்டு எடுத்து வீசிட்டு, இரும்பு போட்டு இறுக்கின."

"அந்தச் செருப்புத்தான் இவ்வளவு நாளும் பியூஸக் காப்பாத்தின."

சாச்சா முற்றத்திலேயே உட்கார்ந்தார். பிறகு தன் கால் செருப்புகளைக் கழற்றி, அடியைக் கழுவி, தானே கத்தியால் வெட்டினார். "அல்லாஹ் என்ட நிய்யத்த, மனசில உள்ளதப் பாப்பான்" என்று முணுமுணுத்தார். துண்டுகளின் மேல் செட்டை வைத்து நைலோன் கயிற்றால் கட்டி, ஸ்பீக்கர் வயர்களைத் திரும்பப் பூட்டினேன். கடைசிப் பியூசைப் போட்டேன். அது எரியாமல் நின்றது.

சாச்சா காரை ஸ்டார்ட் பண்ணினார். கூரை ஸ்பீக்கரிலிருந்து எழுந்தது ஓர் ஊளை. அக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது. மச்சான் மைக்கில் கத்திய ஒரு சொல்லும் விளங்கவில்லை. போனட்டைத் திறந்தேன். டைனமோவின் இரைச்சலை அடக்கும் கொண்டென்சர் வெடித்துக் கிடந்தது. மாற்ற வேறு இல்லை.

"என்ஜின நிப்பாட்டுங்க. தள்ளுவம்."

"மெயின் ரோட்டுலயா?"

"ஓம்."

தேநீர்க்கடையில் இருந்தவர்கள் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "எத்தின சுமை நெல்லுத் தள்ளின நாங்க, இது என்ன" என்றார் ஒருவர். கார் சத்தமில்லாமல் அசைந்தது. அந்தக் காரைக் கண்டதுமே வேலிக்கு வேலி ஆட்கள் வந்தார்கள். முக்காட்டைப் பிடித்தபடி ஒரு பெண் கேட்டார்: "ஆரு மௌத்து?"

காரோடு நடந்துவந்த மச்சான் மைக்கைத் தூக்கினார். பிறகு உள்ளே இருந்த என் மடியில் அதை ஜன்னலால் போட்டுவிட்டார்.

"பொம்புளக் குரல் ரோட்டுல..." என்று தொடங்கிய சாச்சா முடிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "சத்தமாச் செல்லு" என்றார்.

நான் சொல்லவேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு பேசினேன். "ஆரும் மௌத்தாகல்ல. ஒரு தாய்க்கு ரெத்தம் வேணும். ஓ நெகட்டிவ். என்ன வகையெண்டு தெரியாத ஆக்களும் வாங்க. ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க." மறுபடியும் அதையே. மறுபடியும்.

சைக்கிள்கள் திரும்பின. பெரியநீலாவணையிலிருந்து மீன் விற்க வந்தவர் பெட்டியைக் கடையோரத்தில் இறக்கிவிட்டு, "எனக்கு ஒரு வகையும் தெரியா தங்கச்சி. குத்திப் பாக்கட்டும்" என்று மிதித்துக்கொண்டு போனார். எத்தனை பேர் போகிறார்கள் என்று பார்த்தேன். எவர் இரத்தம் பொருந்தும் என்று தெரியவில்லை. எதுவும் பொருந்தாமலும் போகலாம். தொண்டை கிழியும்வரை சொன்னேன்.

சாய்ந்தமருதுப் பக்கம் திரும்பும்போது ஆஸ்பத்திரிச் சிற்றூழியர் ஒருவர் சைக்கிளில் கையை வீசிக்கொண்டு வந்தார். "நிப்பாட்டுங்க! இனி வேணாம்!"

தள்ளியவர்கள் கையை எடுத்தார்கள். கார் தானாக உருண்டு நின்றது. இனி வேண்டாம் என்றால் எது வேண்டாம்? இரத்தம் கிடைத்துவிட்டதாலா, இனித் தேவையே இல்லாமல் போனதாலா? என் விரல் மைக்கின் பொத்தானை அழுத்தியபடியே இருந்ததால் மச்சான் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது.

"அவ இரிக்காவா?"

சைக்கிள்காரர் மூச்சை வாங்கினார். "இரிக்கா. ரெண்டு பேருட பொருந்திட்டு. ஏத்துறாங்க."

மச்சான் அப்படியே ரோட்டில் குந்திவிட்டார். எனக்குச் சொல்ல மூன்று விஷயம் இருந்தது: இரத்தம் கிடைத்துவிட்டது, இனி வரவேண்டாம், எல்லாருக்கும் நன்றி. மைக்கை வாயருகே கொண்டுபோனேன். "இரிக்கா" என்றேன். "இரிக்கா, இரிக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.