புது டிரைவில் யாருடைய கல்யாணம்?

கணவர் போனபின் எனக்கு லேப்டாப்பைத் தொடத் தெரியவில்லை, கண்ட பட்டனையும் அழுத்திக் கெடுத்துவிட்டேன் என்று நம் குடியிருப்புக் குழுவில் எழுதுகிறார்கள். தவறு.

சூலியா தெருக் கடையில் படங்களைச் சேமிக்க இரண்டாவது டிரைவ் போட்ட நாளிலிருந்துதான் லேப்டாப் அசையாமல் உறைந்துபோகிறது. அந்த டிரைவை நானே கழற்றினேன். லேப்டாப் நாள் முழுதும் ஓடியது. மாட்டினேன், பத்து நிமிடத்தில் நின்றது. மூன்று முறை செய்து பார்த்து, நேரத்தையும் குறித்திருக்கிறேன். கான்வென்ட்டில் படித்தவள் நான்.

இன்று டிரைவை மாட்டி, லேப்டாப்போடு கடைக்குப் போனேன்.

"டிரைவ் புத்தம் புதுசு ஆண்ட்டி. உங்க லேப்டாப்தான் பழசு லா. வயசானவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார் கடைக்காரர்.

லேப்டாப் உறைவதற்குள் அந்த டிரைவைத் திறந்து காட்டினேன். உள்ளே வரிசையாகக் கல்யாணப் படங்கள். மாலையும் கழுத்துமாகச் சிரித்த மாப்பிள்ளை சாட்சாத் இவரேதான். தலையில் அப்போது முடி இருந்திருக்கிறது.

"அது... சும்மா டெஸ்ட் பண்ணப் போட்டது ஆண்ட்டி."

"அதையே எழுதிக் குடுங்க தம்பி."

உடனே அவருக்கு ஏதோ போன் வந்துவிட்டது.

அவரும் இந்தக் குழுவில் இருக்கிறார். தம்பி, எனக்கு விற்ற டிரைவ் புதியதா, உங்களுடைய பழையதா? இங்கேயே எழுத்தில் பதில் தாருங்கள்.