குஜராத் வரைக்கும் ஒரு சுற்று

ஒரு மலையைக் கண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? போட்டோ எடுப்பீர்கள். கொஞ்சம் துணிச்சல் இருந்தால் ஏறுவீர்கள். ஒரு திருவண்ணாமலைக்காரரோடு போய்ப் பாருங்கள்... அவர் செருப்பைக் கழற்றுவார்.

போன மாதம் கர்நாடகக் கடற்கரையில் இருக்கிற கார்வார் போயிருந்தோம். நானும், திருவண்ணாமலை வேங்கிக்காலில் எங்கள் பக்கத்து வீட்டு ஏகாம்பரமும். காடும் மலையும் நேராகக் கடலுக்குள் இறங்குகிற ஊர் அது. ஏகாம்பரத்துக்கு முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று. "அதுக்கு முன்னாடி நம்ம மலையைத் தவிர வேற ஒரு மலையைப் பார்த்துடணும் சார். அப்புறம் கால் எப்படி இருக்குமோ" என்றார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போன மனிதர். மனசு கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

கடலோரத்தில் ஒரு டீக்கடை. கடைக்காரர் கேரளத்துக்காரர், சென்னையில் பல வருஷம் இருந்ததால் தமிழ் தெரியும். ஏகாம்பரம் அவரிடம் கேட்டார்:

"இந்த மலையைச் சுத்தி வர எவ்ளோ நேரம் ஆகுங்க?"

"சுத்தியா... எதுக்கு?"

நியாயமான கேள்வி. ஆனால் பதினாலு கிலோமீட்டர் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம், மலை என்றாலே அப்படித்தான் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

"சரி, அந்தப் பக்கம் எப்படி இருக்கும்?"

"தெரியலை. நான் போனதில்லை."

அவ்வளவுதான். செருப்புகள் பெஞ்சுக்கு அடியில் போயின. மலை வலது கைப் பக்கம், கடல் இடது கைப் பக்கம் — வடக்கே நடந்தோம்.

கறுத்த பாறைகள். தாழம்புதர். தலைக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து. எங்கள் மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு முகம் காட்டும். இது என்ன காட்டும்? வளைவுக்கு வளைவு நின்று அண்ணாந்து பார்த்தார் ஏகாம்பரம். "இங்கேர்ந்து பாருங்க, வேற மலை மாதிரியே இருக்கு" என்றார். கால்வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு மணி நேரத்தில் வழி முடிந்துவிட்டது. பாறை செங்குத்தாகக் கடலில் இறங்கியது. எட்டிப் பார்த்தால் அப்பால் இன்னொரு மலை. அதற்கும் அப்பால் இன்னொன்று. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் தாண்டி வந்த பாறைகளில் பாதியைக் காணோம். கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"திரும்பிடலாங்க."

"பாதியில எப்படி சார் திரும்பறது?"

சிரிக்காதீர்கள். கிரிவலத்தில் கால் வலித்தால் உட்காருவோம். ரொம்ப முடியாவிட்டால் ஆட்டோ ஏறுவோம். வந்த வழியே திரும்பி நடந்தவரை நான் பார்த்ததில்லை. இங்கே ஆட்டோவுக்கு எங்கே போவது?

ஓர் அலை வந்து அவருடைய வலிக்கிற காலைத் தள்ளியது. சட்டென்று பிடித்துக்கொண்டேன். எனக்கு நிஜமாகவே பயம். பயத்தில் கோபம். "ஆபரேஷன் பண்ணிக்க நீங்க ஊர் போய்ச் சேரணும், தெரியுதா?" என்று கத்திவிட்டேன்.

அவர் உருண்டையான கல் ஒன்றை எடுத்து, தண்ணீர் எட்டாத பாறை இடுக்கில் வைத்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். இப்போது மலை இடது கைப் பக்கம். கடைசிவரை அவர் அதை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. கத்தியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

டீக்கடைக்காரர் நனைந்த எங்களைப் பார்த்துச் சூடாக டீ கொடுத்தார். "இது தனி மலை இல்லை சார், தொடர். சுத்தி வரணும்னா குஜராத் வரைக்கும் போகணும்."

"குஜராத்தா..." என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார் ஏகாம்பரம்.

நம் ஊர் மலையை வைத்துத்தான் எல்லா மலைகளையும் அளக்கிறோம். மலைகளை மட்டுமா?

போன வாரம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நான் பார்க்கப் போனபோது, பிசியோதெரபிப் பெண் அவருக்கு வாக்கர் பிடித்து நிற்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் எப்பம்மா நடக்கலாம்?"

"எங்கே போகணும் சார்? கடைக்கா?"

"குஜராத்துக்கு. பாதியில ஒரு கல்லு வச்சுட்டு வந்திருக்கேன்."