வராத காய்ச்சல்

"கத்தி வைக்காம இது ஆறாதா டாக்டர்?" என்றுதான் ஏணி முதலில் கேட்டார். அடுக்குமாடிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஆளும் நெட்டை, அதனால் வந்த பெயர். சாரத்திலிருந்து விழுந்து முறிந்த காலுக்குத் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். தையலோரம் இப்போது சீழ் கட்டியிருந்தது.

"ரெண்டு வழி இருக்கு," என்றார் டாக்டர். "திறந்து கழுவி, அழுகின சதையை வெட்டி எடுக்கலாம். இல்லன்னா ஊசி மருந்துலயே கிருமியை அடக்கிப் பார்க்கலாம். எது யாருக்குச் சரிப்படும்னு இந்த வார்டுல ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துட்டிருக்கோம். உங்களுக்குப் புண் மேலாகத்தான் இருக்கு, மருந்தே போதலாம். ஆனா காய்ச்சல் வந்துச்சுன்னா அன்னிக்கே ஆபரேஷன்."

"மருந்தே குடுங்க. ஒரு தடவை கிழிச்சதே ஏழு ஜென்மத்துக்குத் தாங்கும்."

"அந்தரத்துல தொங்கும்போது வராத பயம் இப்ப வந்துடுச்சாக்கும்," என்றாள் மனைவி.

"அங்க கயிறு என் கையில இருந்துச்சுடி. இங்க கத்தி அவர் கையில இருக்கு."

கட்டு மாற்ற நின்றிருந்த நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அதன்பின் காலைதோறும் அவள் தெர்மாமீட்டர் வைப்பாள், காய்ச்சல் இருக்காது. ஏணி வார்டுச் சுவரைக் காட்டி வாயடிப்பார். "பட்டி பூசிச் சமப்படுத்தாம பெயிண்ட் அடிச்சிருக்கான் சிஸ்டர். மேல பளபளப்பு, உள்ள ஈரம்." அவள் தலையாட்டுவாள்.

ஆனால் கட்டைப் பிரிக்கும்போது வாடை கூடிக்கொண்டே வந்தது. டாக்டரிடம் சொன்னாள். அவர் புண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். "காய்ச்சல் இல்லையே. ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்," என்றார்.

ரிசல்ட் வருவதற்குள் உண்மை வந்துவிட்டது. ஒருநாள் வழக்கத்துக்கு முன்பே, விடிந்தும் விடியாமலும் அவள் வார்டுக்குள் நுழைந்தாள். ஏணியின் உடம்பு அனலாய்க் கொதித்தது, குளிரில் பற்கள் கிடுகிடுத்தன. விரிப்பை மாற்ற மெத்தையைத் தூக்கினால், அடியில் காய்ச்சல் மாத்திரையின் வெற்று அட்டைகள். பக்கத்துப் படுக்கைக்காரரின் மச்சானிடம் சொல்லி வாங்கி, தெர்மாமீட்டர் வரும் முன்பே தினமும் விழுங்கியிருக்கிறார்.

அன்றே திறந்தார்கள். தகட்டின் அடியில் எலும்பு வரை சீழ். இரண்டு முறை கழுவியும் விஷம் ரத்தத்தில் ஏறியது. உயிரா காலா என்றானபோது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"மருந்து மருந்துன்னு இழுத்தடிச்சே என் புருஷனை நொண்டியாக்கிட்டீங்களே!" என்று மனைவி வாசலில் நின்று கத்தினாள். டாக்டருக்கு அட்டைகளைப் பற்றித் தெரியும், நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை. நோயாளி சொல்ல வேண்டியதைத் தான் முந்திக்கொண்டு சொல்ல முடியாது என்று நர்ஸிடம் மட்டும் சொன்னார்.

மறுநாள் கட்டு மாற்றும்போது ஏணி சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கிளம்பத் திரும்பியபோதுதான் கூப்பிட்டார்.

"சிஸ்டர், சாயங்காலம் அவ வருவா. நானே சொல்லிடலாம்னு இருக்கேன். நீங்க சும்மா பக்கத்துல நில்லுங்க. நடுவுல என் தொண்டை அடைச்சுக்கிச்சுன்னா, மீதியை நீங்க சொல்லிடுங்க."