மண்ணில் புதைத்த கட்டி

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, பேண்டேஜ் துணி நெய்கிற தறிக் கொட்டகை ஒன்றில் செல்லக்கனி பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். தறியிலிருந்து வருகிற துணியை வெட்டி, உருட்டி, தாள் சுற்றி அடுக்குகிற வேலை. காலை எட்டு மணிக்குத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சோத்துக்கும் டீக்கும்தான் எழுந்திருப்பாள். சீமையில் எவன் கால் உடைந்தாலும் நாம் சுற்றிய துணிதான் கட்டுகிறார்கள் என்று அங்கே பெண்கள் பீற்றிக்கொள்வார்கள். அதில் செல்லக்கனியின் குரல்தான் கொஞ்சம் ஓங்கிக் கேட்கும். வாய்க்காரி.

எண்பத்தெட்டாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள், கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டது போல வலது தொடைக்கடியில் ஏதோ உறுத்தியது. தரையைத் துழாவினாள், ஒன்றுமில்லை. பிறகுதான் தொடையைத் தொட்டுப் பார்த்தாள். பின்பக்கம், சதைக்குள் ஆழத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. அழுத்தினால் வலிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை. வலிக்கிற கட்டி என்றால் அன்றைக்கே மஞ்சள் பத்துப் போட்டிருப்பாள். வலிக்காத கட்டியை யார் மதிக்கிறார்கள்? ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

தொடை என்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலான சங்கடம். கையில் வந்திருந்தால் பத்துப் பேரிடம் காட்டி பத்து வைத்தியம் கேட்டிருப்பாள். இதை யாரிடம் காட்டுவது? அய்யனார் கோவிலுக்குப் போய், வழக்கப்படி ஒரு வெல்லக்கட்டியை ஆற்றுத் தண்ணீரில் கரைத்துவிட்டு, இது கரைகிற மாதிரி அதுவும் கரையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வெல்லம் கரைந்தது. எட்டு மாதத்தில் நெல்லிக்காய் எலுமிச்சையாகி, எலுமிச்சை சாத்துக்குடி ஆனது.

அவள் புருஷன் சமுத்திரம் ஆலங்குளம் சிமெண்டு பேக்டரிக்குப் பக்கத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன். வாரத்துக்கு ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். அவன் கண்ணில் பட்ட அன்றே பிரச்சனை கிளம்பிவிட்டது.

"எம்புட்டு நாளா இருக்கு இது? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"வலிக்கல, அதான் சொல்லல."

"கெளம்பு, டாக்டர்ட்ட போவோம்."

ராஜபாளையத்தில் வேண்டாம், கொட்டகைப் பெண்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அடம் பிடித்தாள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள். அங்கே டாக்டர் சேதுபதி என்று ஒருவர் நாலு கட்டிலோடு சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். விரலால் கட்டியை நகர்த்திப் பார்த்தார்.

"கொழுப்புக்கட்டின்னா மெத்துன்னு இருக்கும், விரலுக்கு வழுக்கிட்டு ஓடும். இது ஆழத்துல கெட்டியா உக்காந்திருக்கு. எடுத்துருவோம். எடுத்ததை டெஸ்ட்டுக்கு அனுப்பணும், அது முக்கியம்" என்றார்.

எடுத்தார். கடலைத் தொலியை உடைத்துப் பருப்பை எடுக்கிற மாதிரி முழுசாக வந்துவிட்டது என்று நர்சு சொன்னாள். ஒரு வாய் அகன்ற பாட்டிலில், கண்ணைக் கரிக்கிற மருந்துத் தண்ணீரில் கட்டியைப் போட்டு, மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பாட்டிலை நோயாளி வீட்டார்தான் மதுரைக்குக் கொண்டுபோய் லேபில் கொடுத்து, ரிப்போர்ட்டும் வாங்கி வரவேண்டும். சமுத்திரத்துக்கு லோடு வேலை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கொண்டுபோகிறேன் என்று பாட்டிலை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு ஆலங்குளம் போய்விட்டான்.

செல்லக்கனி படுத்த இடத்திலிருந்து பார்த்தால் நேர் எதிரே அந்தப் பாட்டில். அவளுடைய சதை. ஒன்பது வயசு மகள் ரத்தினம் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குக் காட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டாள். செல்லக்கனிக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

ரத்தினம் பிறந்தபோது நஞ்சுக்கொடியை வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தவள் அவள். உடம்பிலிருந்து பிரிந்ததை மண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும், நாய் நரி இழுத்தாலோ அந்நியன் கைபட்டாலோ உடம்புக்காரருக்குத்தான் கேடு என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தந்த பாடமில்லை, தாய்ப்பாலோடு வந்தது. தன் தொடைச் சதையை முகம் தெரியாத ஆம்பளைகள் சீவிச் சீவிப் பார்ப்பதா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தையல் போட்ட காலை இழுத்துக்கொண்டு போய், நஞ்சுக்கொடி புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, பாட்டிலைக் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டாள். மேலே ஒரு அம்மிக்கல்லையும் புரட்டி வைத்தாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தாள், பாவி.

சமுத்திரம் வந்து கேட்டபோது, "கொட்டகை வண்டி மதுரைக்குத் துணி ஏத்திட்டுப் போச்சு, அதுல குடுத்துவிட்டுட்டேன்" என்றாள். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்கையில் சேதுபதி கேட்டார்.

"ரிப்போர்ட் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு சார். சாதாக் கட்டின்னு எழுதிருக்கு. வீட்ல இருக்கு."

"அடுத்த தடவ வரும்போது எடுத்துட்டு வா. நான் பாக்கணும்."

அடுத்த தடவை போகவே இல்லை. அவரும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை. சமுத்திரம் சந்தோஷத்தில் கொட்டகைக்கே வந்து எல்லோருக்கும் சேவும் மிக்சரும் வாங்கிக் கொடுத்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். செல்லக்கனியின் புளுகு பதினாலு மாதம் ஓடியது. தழும்புக்கு அடியில் மறுபடியும் புடைத்தபோது அவள் அதை முந்தானையால் மறைத்தாள், சிரிப்பால் மறைத்தாள், கடைசியில் நொண்டியபோதுதான் மறைக்க முடியவில்லை. கட்டி இப்போது தேங்காய் அளவு இருந்தது. தொடையிலிருந்து பாதம் வரை மின்சாரம் பாய்கிற மாதிரி ஒரு வலி. வலி இப்போதுதான் வந்தது, எல்லாம் முடிந்த பிறகு.

சேதுபதி பார்த்தார். தொடக்கூட இல்லை. "இன்னைக்கே மதுரைக்குப் போங்க" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கிருபாபாய் என்கிற அம்மா. நரைத்த கொண்டை, கண்டிப்பான பேச்சு, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நகர மாட்டார். கட்டியை உடனே அறுக்கவில்லை. தடித்த ஊசி ஒன்றைச் செலுத்தி, நூல் கனத்துக்குச் சதையை எடுத்து அனுப்பினார். காலை ஒரு மெஷினுக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். காலில் கட்டி இருக்க நெஞ்சை எதற்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள் என்று சமுத்திரம் கேட்டான்.

"இது ரத்தத்துல போற ஜாதி. போனா மொதல்ல நுரையீரலுக்குத்தான் போகும். இன்னைக்கு நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார் அந்த அம்மா. இன்னைக்கு என்ற சொல்லை அழுத்திச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருவருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"இது சதையில வர்ற புத்துநோய். நூறு கட்டியில ஒண்ணுதான் இப்படி இருக்கும், மத்ததெல்லாம் சாதாக் கட்டி. அந்த ஒண்ணு எதுன்னு கண்ணால சொல்ல முடியாது, சதைய எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாத்தான் தெரியும். மேல ஒரு தோலு இருக்கிற மாதிரி இருக்கும், முழுசா வந்துட்டதாத் தோணும். அந்தத் தோலும் நோவுதான். சுத்தி இருக்கிற நல்ல சதையையும் சேத்து அகலமா எடுக்கலைன்னா அடியில மிச்சம் நிக்கும், திரும்ப மொளைக்கும். மொத தடவ எடுத்தப்ப டெஸ்ட் பண்ணுனாங்களா?"

"பண்ணுனோம் தாயி. சாதாக் கட்டின்னு ரிப்போர்ட் வந்துச்சு" என்றான் சமுத்திரம்.

"எங்க அது?"

"ஏட்டி, எங்க வச்ச?"

"வெள்ளை அடிக்கைல தொலஞ்சு போச்சு" என்றாள் செல்லக்கனி. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"மொதல்லயே தெரிஞ்சிருந்தா ஒரு மாசத்துக்குள்ள திரும்பத் திறந்து, அகலமா எடுத்து, கரண்டு வச்சு மிச்சத்தையும் கருக்கியிருப்போம். கால் பொழைச்சிருக்கும்" என்று டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "இப்ப பெரிய நரம்பையும் ரத்தக்குழாயையும் சுத்திப் புடிச்சிருக்கு. இடுப்போட காலை எடுக்கணும். எடுக்கலைன்னா உயிர் நிக்காது."

சமுத்திரம் அழவில்லை. அவன் முகம் கல்லாகிவிட்டது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கையில் இருக்கிற பலம்தான் அறிவு. துணிமணி எடுத்து வருகிறேன் என்று அன்றைக்கே பஸ் ஏறினான். இரண்டு நாள் கழித்து வந்தபோது வலது கை விரல் முட்டியில் துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு மூட்டை சரிந்துவிட்டது என்றான்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் செல்லக்கனி பட்ட பாட்டை எழுதி மாளாது. பெருவிரலை ஆட்டிப் பார்ப்பாள். கொலுசுத் தழும்பைத் தடவுவாள். சம்மணம் போட்டு உட்காராமல் சாப்பிடுவது எப்படி, கக்கூசுக்குப் போவது எப்படி, புருஷன் பக்கத்தில் படுப்பது எப்படி என்று நினைத்து நினைத்து, போர்வையை வாயில் திணித்துக்கொண்டு அழுவாள். அதற்கும் மேலே ஒரு நினைப்பு வரும். இந்தக் காலை அறுக்கப்போவது டாக்டரம்மா இல்லை, நான்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே அறுத்துவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலையில், கையெழுத்துப் போட வேண்டிய தாளை நர்சு கொண்டுவந்து சமுத்திரத்திடம் நீட்டினாள். அவன் பேனாவைப் பிடித்தபடி, "அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் நல்லா இருக்க மாட்டான்" என்றான்.

செல்லக்கனியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அவர ஒண்ணும் சொல்லாதீய. அவரு பாட்டில்ல போட்டுத்தான் குடுத்தாரு. நான்தான் மதுரைக்கு அனுப்பல. வீட்டுக்குப் பின்னால பொதச்சிட்டேன். ரிப்போர்ட்டுன்னு ஒண்ணு வரவே இல்ல. அவருகிட்டயும் பொய்யி, உங்ககிட்டயும் பொய்யி."

சமுத்திரம் தன் விரல் முட்டியைப் பார்த்தான்.

"நான் அவர அடிச்சிட்டேன்டி" என்றான். "லோடுமேன் நாலு பேரோட போயி, ஆஸ்பத்திரி கண்ணாடியெல்லாம் ஒடச்சி, நோயாளிக முன்னால வச்சி மூஞ்சியிலயே குத்திட்டேன். மனுசன் கையத் தூக்கித் தடுக்கக்கூட இல்ல. ஒம் பொண்டாட்டிதான் ரிப்போர்ட் வந்துச்சுன்னு சொன்னான்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சொல்லல."

கையெழுத்தைப் போட்டான். அவளைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே வந்தான், ஆனால் கையைப் பிடிக்கவில்லை. தொண்ணூறாம் வருஷம் வைகாசி மாதம் அது.

கால் போனது. அவள் பிழைத்தாள். கொட்டகை முதலாளி ஒரு உயர முக்காலி போட்டுக் கொடுத்தார், அதில் உட்கார்ந்து துணி உருட்டினாள். பீற்றல் போய்விட்டது. சமுத்திரம் ஆலங்குளத்தை விட்டுவிட்டு உள்ளூர் மில்லில் லோடு வேலைக்குச் சேர்ந்தான். அவளைத் தூக்கிக் குளிப்பாட்டினான், சோறு பொங்கினான், ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் அவள் எதைச் சொன்னாலும் ரத்தினத்தைக் கூப்பிட்டு ஒருமுறை கேட்டுக்கொள்வான். அம்மா மாத்திரை சாப்பிட்டாளா? அம்மாவுக்கு நேத்து இருமல் இருந்துச்சா? அவன் அதைக் கோபமாகச் செய்யவில்லை. அதுதான் செல்லக்கனியைக் கொன்றது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரையில் நெஞ்சுப் படம். ஏழு படம் சுத்தமாக வந்தது. எட்டாவது படம் எடுத்த அன்று கிருபாபாய் அம்மா ஊரில் இல்லை. இருந்த சின்ன டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "திங்கக்கெழமை பெரியம்மா வந்ததும் வீட்டுக்காரரோட வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லிப் படத்தைக் கையில் கொடுத்தார். சமுத்திரம் டீக்கடையில் இருந்தான். அவனிடம் படத்தைக் கொடுத்தாள், டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை.

திரும்புகிற பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றதும் செல்லக்கனி எழுந்துவிட்டாள்.

"எறங்குவோம். அவருகிட்ட ஒரு மன்னிப்பாச்சும் கேக்கணும். ரெண்டு வருசமா நெஞ்சுல கெடக்கு."

சமுத்திரம் அவளை இறக்கி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டு, படத்தை அவள் கையில் கொடுத்தான். உள்ளே வரவில்லை. எதிர்ச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

சேதுபதி இளைத்திருந்தார். இப்போது கட்டி எதையும் அவர் அறுப்பதில்லை, எல்லாவற்றையும் மதுரைக்கு அனுப்பிவிடுகிறார் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது உண்மைதான் போலிருக்கிறது. ஆபரேஷன் அறைக் கதவு பூட்டிக் கிடந்தது. ஒற்றைக் காலில் ஊன்றுகட்டையோடு நின்றவளை அவர் உடனே அடையாளம் கண்டுகொண்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மண்ணில் புதைத்ததையும், பொய்யையும், அவன் அடித்ததையும் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"உக்காரும்மா" என்றார் அவர். "எந் தப்பும் இருக்கு. கத்திய எடுக்குறதுக்கு முன்னால ஊசி போட்டுப் பாத்திருக்கணும். ரிப்போர்ட்டக் கண்ணால பாக்காம உன் வாய் வார்த்தைய நம்பி விட்டிருக்கக் கூடாது. அது என்ன கையில, படமா?"

வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். செல்லக்கனி படத்தைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளதச் சொல்லுங்க சார். உங்ககிட்ட அதக் கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. இருந்தாலும் சொல்லுங்க."

அவர் படத்தை மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்.

"வந்துருச்சும்மா. ரெண்டு பக்கமும் இருக்கு."

அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஊன்றுகட்டையை எட்டி எடுத்தாள்.

"அவிய வெளிய நிக்காவ சார். உங்க மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டு நிக்காவ. நீங்களே கூப்பிட்டுச் சொல்லிருங்க" என்றாள். "நான் சொன்னா நம்ப மாட்டாவ."