சுண்ணாம்பு பூசிய கற்கள்

சித்தியின் சுண்ணாம்பு டப்பா இன்னும் என்னிடம் இருக்கிறது. பிஸ்கட் வாங்கிய தகர டப்பா. மூடி எப்போதோ தொலைந்துவிட்டது. உள்பக்கம் முழுக்க வெள்ளை காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது. பூசுவதற்கு, நுனியை நசுக்கிய தேங்காய் மட்டை. கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் எங்கள் மரக்காணம் தேவாலயப் பங்கில் எல்லாக் குடும்பமும் கல்லறைத் தோட்டத்தில் கூடி வெள்ளையடிக்கும். சித்தி தன் மாமனார் மாமியார் கல்லறைகளை முடித்துவிட்டு, மிச்சச் சுண்ணாம்போடு உப்பங்கழிக் கரையில் இருந்த பொட்டலுக்கு நடப்பாள். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நட்டிருந்தது. அதற்கும் பூசிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்து உலை வைப்பாள்.

எழுபதுகளில் நான் பங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். முதல் வருஷமே அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டுவிட்டேன். சித்தியின் தலைப்பிள்ளை செத்தே பிறந்தது. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்பது அப்போதைய வழக்கம். சித்தப்பா அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்க் கழிக்கரையில் புதைத்துவிட்டு வந்தார். எழுந்து நடக்கத் தெம்பு வந்ததும் சித்தி இடத்தைக் காட்டச் சொல்லிக் கல்லை நட்டாள். அதன்பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. பொட்டலில் அப்படி இன்னும் பல கற்கள் இருந்தன. சில எங்கள் பங்குப் பெண்களுடையவை. சில பிரம்மதேசத்து விவசாய வீடுகளின் பெண்கள் நட்டவை. அந்தக் கற்கள் எதற்கு என்பது பெண்களுக்குத் தெரியும். ஆண்கள் கேட்டதில்லை, இவர்களும் சொன்னதில்லை.

அந்தப் பொட்டலை உப்புப் பாத்தியாக்க முதலாளி ஒருவர் மனுப் போட்டார். ஊர் அபிப்பிராயத்தைக் கேட்கத் தாசில்தார் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சித்தப்பா அந்த முதலாளியிடம்தான் மேஸ்திரியாக இருந்தார். வலை காயவைக்க எங்களுக்கு வேறு இடம் ஏது என்றார்கள் அனுமந்தை மீனவர்கள். பிரம்மதேசத்துக்காரர்கள், கரையை உயர்த்திப் பாத்தி கட்டினால் ஐப்பசி மழைத் தண்ணீர் கழியில் இறங்காமல் நெல்வயலில் ஏறும் என்றார்கள். உப்பளத் தொழிலாளிகளில் பலர் பாத்தி வரட்டும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. நாலு பாத்தி கூடினால் நாலு வீட்டில் அடுப்பு எரியும். பங்குச்சாமியார் அங்கே மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டலாமே என்று நடுவில் ஒரு யோசனையைப் போட்டார். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள், எல்லாமே நியாயமாகத்தான் பட்டது.

பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சித்தி எழுந்தாள். முதலாளி பக்கத்தில் நின்ற சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடம் உங்களுக்கு எதற்குப் பயன்படுகிறது என்று தாசில்தார் மரியாதையாகத்தான் கேட்டார்.

“ஒண்ணுத்துக்கும் இல்லீங்க. அது பாட்டுக்கு சும்மா கெடக்கட்டுங்க.”

ஆண்கள் சிரித்தார்கள். அப்போது பிரம்மதேசத்து அம்மா ஒருத்தி, சித்தியை முன்பின் தெரியாதவள், எழுந்து நின்றாள். “ஆமாங்க, சும்மாதான் கெடக்கணும்” என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். காரணத்தை ஒருத்தியும் சொல்லவில்லை. ஆனால் சிரிப்பு அடங்கிவிட்டது.

பொட்டல் பொட்டலாகவே இருக்கும் என்று கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. அதற்குள் சித்தப்பாவின் மேஸ்திரி வேலை போய்விட்டது. அவர் கிளியனூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போனார். சித்தியை ஒரு சுடுசொல் சொல்லவில்லை. வேலை போனாலும் பிள்ளைக்கு இடம் இருக்கிறது என்று அவருக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்க வேண்டும்.

அந்த நிம்மதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட நிற்கவில்லை. இடையில் ஒரு நாள், சித்தப்பா வேலைக்குப் போயிருந்த நேரம், ஊர் ஆண்கள் உத்தரவு வந்த சந்தோஷத்தில் திரண்டு பொட்டலுக்குப் போனார்கள். அதுவரை அவர்கள் கவனித்தே இராத வெள்ளைக் கற்கள் அன்றைக்குக் கண்ணை உறுத்தின. எங்கள் பக்கத்தில் உப்பளத்துக்கு எல்லைக்கல் நட்டால் சுண்ணாம்பு பூசுவார்கள். முதலாளி முன்கூட்டியே அளந்து நட்ட கற்கள் இவை என்று முடிவுகட்டி, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கழியில் வீசினார்கள். குழிகளை மண் போட்டு மூடினார்கள். உப்புப் பாத்தியின் தரை இறுகுவதற்காக வரிசையாக நின்று மிதிப்பது அவர்களில் உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கைவந்த வேலை. அதே மாதிரி பொட்டல் முழுவதையும் மிதித்து ஒரே சமமாக்கினார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

சாயங்காலம் வந்த சித்தப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் கழியில் இறங்கிவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் துழாவி ஒரு கல்லைத் தூக்கி வந்து, பொட்டலில் நின்ற சித்தியின் காலடியில் வைத்தார்.

“இதுவா பாரு.”

“எதுவா இருந்தா என்னங்க,” என்றாள் சித்தி. “எங்க நடுவேன்?”

அவர் அந்தச் சமதரையைப் பார்த்தார். புதைத்தவருக்கும் இடம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்து அவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அடுத்த கல்லறைத் திருநாளுக்குச் சித்தி மிச்சச் சுண்ணாம்பை நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொண்டு போய், பொட்டலின் ஒரு கோடியிலிருந்து தெளித்துக்கொண்டே நடந்தாள். டப்பா பாதியிலேயே காலியாகிவிட்டது. மறு கோடிவரை வெறும் மட்டையை உதறிக்கொண்டே போனாள்.

இப்போது இருவரும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். பொட்டலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அங்கே சிமெண்டு நடைபாதையும் கடைகளும் கட்டலாமா, திறந்தவெளியாகவே விடலாமா என்று இந்த வருஷம் மறுபடியும் ஊரைக் கேட்கிறார்கள். அதைக் கேட்டு எழுத வீடு வீடாக வந்த பையன் என்னிடம் படித்தவன்தான். அவன் வந்தபோது நான் வாசலில் அந்த டப்பாவில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். அப்படியே விடுங்கள் என்றேன்.

“காரணம் சொல்லணும் டீச்சர். அங்க என்ன இருக்குது?”

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சித்தி அன்றைக்கு அதைத்தான் சொன்னாள்.

“எங்க சித்தியோட புள்ள இருக்குது.”

எந்த இடத்தில் என்று காட்டினால் அதை மட்டும் விட்டுவிட்டுக் கட்டச் சொல்லலாம் என்றான்.

“எந்த எடம்னு தெரியாதுப்பா,” என்றேன். “அதனாலதான் முழுசா விடுங்கன்றேன்.”