அலுமாரிச் சாவி

காலை ஒன்பது மணிக்கு ஏழு பூட்டுகளை மேசையில் வரிசையாக வைப்பதுதான் இந்த நாட்டில் என் உத்தியோகம். ஊரில் பதினோரு வருடம் டீச்சராக இருந்தவள், டொரொண்டோவில் வகுப்பு உதவியாளர். நான் கவனித்துக்கொள்ளும் எமிலிக்கு எட்டு வயது, ஆட்டிசம். பூட்டு என்றால் உயிர். அதனால் அவளுக்குக் கணக்கும் பூட்டு, வாசிப்பும் பூட்டு. இரைச்சல் தாங்காமல் கத்தத் தொடங்கினால், ஒரு பூட்டையும் சாவியையும் கொடுத்து மூலையில் உட்கார வைப்போம். பத்து நிமிடத்தில் தானாகவே திரும்பி வருவாள். செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்றுதான் முதல் வாரம் நினைத்தேன். ஒரு மாதத்தில் அவள் கூட்டல் கழித்தல் எல்லாம் செய்தாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஊரில் நான் படிப்பித்த ஒரு பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது.

கண்டியில், அம்பிட்டியப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், என் மூன்றாம் வகுப்பில் பரமேஸ்வரி என்றொரு பிள்ளை இருந்தாள். அவளுக்குக் குடை என்றால் உயிர். மழை நாளில் பிள்ளைகள் விறாந்தையில் போட்ட குடைகளை ஒவ்வொன்றாக மடித்து, நாடா கட்டி, உயர வரிசையில் சாத்துவாள். எது யாருடையது என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வாள். எழுதச் சொன்னால் மட்டும் எழுதமாட்டாள். குடைகளை எண்ண விட்டிருந்தாலே கணக்கு வந்திருக்கும். நானோ எல்லாக் குடைகளையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் தலையை மேசையில் மோதி அழுதாள். பிடிவாதம் என்று அடிக்கவும் செய்தேன்.

கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் மேற்பார்வைக்கு வருகிறார்கள் என்றால், படிக்காத பிள்ளைகளை அன்று வீட்டில் நிறுத்தச் சொல்வது எங்களிடம் வழக்கம். அதை யாரும் பிழையாக நினைத்ததில்லை. முதல்நாள் பள்ளி விடும்போது அவளுடைய தாயிடம் சொன்னேன்.

"நாளைக்குப் பெரியவங்க வர்றாங்க. இவள வீட்டிலயே வச்சுக்கங்க."

"சரிங்க டீச்சர். அப்புறம் எப்ப கொண்டாந்து விடட்டும்?"

"சொல்லி அனுப்புறேன்."

பரமேஸ்வரி அலுமாரியைக் காட்டிக் கத்தினாள். மற்றப் பிள்ளைகளின் குடைகளைக் கொடுத்துவிட்டேன்; அவள் குடை மட்டும் இன்னும் உள்ளேதான் இருந்தது. தாய் வெட்கப்பட்டு, என்னிடம் மன்னிப்பும் கேட்டு, மழையில் அவளை இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வந்த அதிகாரி, வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று பாராட்டினார். அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் சொல்லி அனுப்பவேயில்லை. டீச்சர் சொல்லாமல் வரக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, அந்தத் தாய் குடையை வாங்கக்கூட வரவில்லை.

போன வாரம் வகுப்பாசிரியை என் தோளைத் தட்டினாள். "உனக்கு எவ்வளவு பொறுமை! உங்கள் ஊரிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்திருக்கிறாயா?"

"இல்லை" என்றேன். ஊரில் வசதியில்லை போலும் என்று அவள் இரக்கத்தோடு தலையாட்டினாள். நான் மேசையில் பூட்டுகளை நேராக்கத் தொடங்கினேன்.

அதற்குள் எமிலி மேசையில் கிடந்த என் சாவிக்கொத்தை எடுத்துவிட்டாள். வீட்டுச் சாவி, தபால்பெட்டிச் சாவி, கூடவே துருப்பிடித்த ஒன்று. பள்ளிக்கூடத்தை விட்டு விலகியபோது திருப்பிப் பாரம் கொடுக்காமல் கொண்டுவந்த அலுமாரிச் சாவி. மறந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அதை ஏழு பூட்டிலும் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை.

"இது எதைத் திறக்கும்?"

"கண்டியில் ஒரு அலுமாரியை."

"உள்ளே என்ன?"

"ஒரு குடை."

"யாருடையது?"

ஆசிரியை பக்கத்திலேயே நின்றாள். "பரமேஸ்வரியுடையது" என்றேன். இந்த நாட்டில் அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"அப்படியென்றால் போய்த் திறந்து கொடு" என்று எமிலி சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். மணி அடித்தது. பிள்ளைகள் எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். ஒரு கையில் எமிலியின் பூட்டுப் பெட்டியும் மறுகையில் அந்தச் சாவியுமாக நான் அங்கேயே நின்றேன்.