நெருஞ்சி பூப்பதற்குள்

எங்கள் வீட்டுப் புல்தரையை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திண்டுக்கல்லில் குடிதண்ணீருக்கே பெண்கள் குடத்தோடு அலைந்த அறுபதுகளில், என் கணவர் குவார்ட்டர்ஸ் கிணற்றை இறைத்து அருகம்புல் வளர்த்தார். அரசாங்க இலாகா ஒன்றில் நடுத்தர அதிகாரி. மேலதிகாரியின் பங்களாவில் புல்தரை இருந்தது. அதனால் எங்களுக்கும் வேண்டியதாயிற்று.

நான் பொறுத்துக்கொண்டது மகளுக்காக. இளம்பிள்ளை வாதம் வந்து அவளுடைய வலது கால் சூம்பியிருந்தது. தினமும் வெறுங்காலோடு புல்லில் நடக்க விடுங்கள், இந்த வயதை விட்டால் கால் தேறுவது கஷ்டம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. காலை வேளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைப்பாள். கையை விடச் சொன்னால் மாட்டேன் என்பாள்.

ஐப்பசி மழை பெய்ததும் புல்லுக்குள் நெருஞ்சி முளைத்தது. நான் சாணார்பட்டிக் கிராமத்துக்காரி. நெருஞ்சியை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். முளைத்தவுடன் ஒழித்தால் உண்டு. மஞ்சள் பூ வந்துவிட்டால் பின்னாலேயே முள் வந்துவிடும். அப்புறம் செடி செத்தாலும் முள் சாகாது. மலைத் தோட்டத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் என் கணவருக்கு ஒரு டின் களைக்கொல்லி கொடுத்திருந்தார். புல்லை விட்டுவிட்டு அகல இலைக் களையை மட்டும் கொல்லும் மருந்து. இலை பிஞ்சாக, தரை ஈரமாக இருக்கும்போது, காற்றில்லாத காலையில் அடிக்க வேண்டும் என்று அந்த நண்பரும் சொல்லித்தான் கொடுத்தார்.

"இன்னைக்கு அடிச்சிருங்க. காத்தும் இல்ல, மேகமும் இல்ல," என்றேன்.

"இப்ப அடிச்சா களையெல்லாம் மஞ்சளாச் சுருண்டு கெடக்கும். பெரிய ஐயா டீக்கு வாராரு. அவரு வந்துட்டுப் போகட்டும்."

"அதுக்குள்ள பூத்துருமேங்க."

"பூத்தா பூக்கட்டும். இம்புட்டு மருந்து இருக்கு, ஒனக்கு என்ன கவல?"

பெரிய ஐயா என்று அவர் சொன்ன அந்த மேலதிகாரி இன்று, நாளை என்று தள்ளிக்கொண்டே போனார். நான் கையால் பிடுங்கப் போனேன். புல்லும் சேர்ந்து வருகிறது, தரை சொட்டை விழுகிறது என்று என் கணவர் அதையும் தடுத்தார். ஒருவழியாக வந்த பெரிய ஐயா, நெருஞ்சிப் பூவைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தார்.

அதற்குப் பிறகுதான் என் கணவர் மருந்து அடித்தார். செடிகள் முறுக்கிக்கொண்டு காய்ந்தன. முள்ளைப் பொறுக்கி முடிக்கும்வரை பிள்ளையை இறக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு காலை நான் அடுப்படியில் இருந்தபோது, "அதான் எல்லாம் செத்துப்போச்சே" என்று அவரே அவளை நடுப் புல்லில் இறக்கிவிட்டுக் கையை எடுத்துவிட்டார்.

அலறல் கேட்டு ஓடினேன். இரண்டு பாதத்திலும் முள். வலி தாங்காமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். தொடையிலும் உள்ளங்கையிலும் முள். ஊக்கை வைத்து ஒவ்வொன்றாக எடுத்தேன். "செத்துப்போச்சுன்னு அப்பா சொன்னாரே" என்று தேம்பினாள். "சின்ன முள்ளுதான" என்றார் அவர். அந்த நிமிடம் அவரை ஒரு அறை விடாமல் நின்றது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

மிச்ச முள்ளையெல்லாம் நான் ஒன்று விடாமல் பொறுக்கி எறிந்த பிறகும் அவள் புல்லில் கால் வைக்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் இறக்கினாலும் காலை மடக்கிக்கொள்வாள். டாக்டர் சொன்ன அந்த வயதில் ஒரு முழு வருஷம் இப்படி வீணாகப் போயிற்று.

அடுத்த ஐப்பசியில் நெருஞ்சி முளைத்தபோதும் பெரிய ஐயா வருவதாகப் பேச்சு. இந்தத் தடவை நான் யாரையும் கேட்கவில்லை. என் கணவர் வெளியூர் கேம்ப் போயிருந்த ஒரு காலை, காற்று எழும்புமுன் நானே ஸ்பிரேயரை எடுத்து அடித்தேன். திரும்பி வந்தவர் தாம்தூம் என்று குதித்தார்.

"என் மானத்த வாங்கிட்டியே."

"வாங்கினா வாங்கிட்டுப் போறேன். எம்பிள்ள நடக்கணும்."

சில நாள் கழித்து ஒரு நல்ல மழை பெய்து தரையைக் கழுவிவிட்டது. அதன் பின் பெரிய ஐயா வந்தார். புல்தரையில் அங்கங்கே களை கருகிக் கிடந்தது. மேசை போட்டு அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் மகளைப் புல்லின் ஓரத்துக்குக் கூட்டிவந்தேன்.

"இப்ப முள்ளே இல்ல பாப்பா."

அவள் என்னை நம்பவில்லை. "அப்பா மொதல்ல நடக்கட்டும். செருப்பு இல்லாம," என்றாள்.

பெரிய ஐயா சிரித்தார். என் கணவர் குனிந்து தன்னுடைய பளபளக்கும் பூட்ஸைப் பார்த்தார்.

"சாக்ஸ் அழுக்காயிரும்டா," என்றார்.

நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன். விருந்தாளி முன்னால் பைத்தியக்காரி மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். அவள் என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சூம்பிய காலைத்தான் முதலில் வைத்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவள், பாதி வழியில் அதை விட்டுவிட்டுத் தானே நடந்தாள். அவளுடைய அப்பா, அருகம்புல்லுக்கு என்ன உரம் போட வேண்டும் என்று மேலதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.